இத்தாவின் ஐம்பத்து நான்காம் நாள்

தில்ஷாத்துக்குக் கணக்கு நன்றாக வரும் என்பது, ஓசூரில் தேன்கனிக்கோட்டை ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம். சாயங்காலம் நாலரை மணியானால் அவள் வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடக்கும். தெலுங்கு வீட்டுப் பிள்ளை, கன்னட வீட்டுப் பிள்ளை, கம்பெனி வேலைக்காக மதுரைப் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளை என்று எல்லாம் அந்தக் கூடத்தில்தான் டியூஷன் படித்தன. ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டுப் பாஷையிலேயே திட்டுவாள். வாய்ப்பாடு மட்டும் எல்லோருக்கும் தமிழில்தான்.

பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு வாங்கியவள். மார்க் வந்த மாதமே நிக்காஹ். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருந்த அவளுடைய அத்தா, நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று அவசரப்பட்டார். நல்ல இடம்தான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் நூற்றுத் தொண்ணூற்றேழு வாங்கிய பெண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் விடுவதற்கு நம் வீடுகளில் மரியாதை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை ஜமீர் அகமது சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து, மூத்தவள் அஸ்பியா ஏழாம் வகுப்பிலும் சின்னவன் ஜீஷான் ஒன்றாம் வகுப்பிலும் இருந்தபோது, ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் ஒரு விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்தார். தொலைநிலைக் கல்வி, பி.எஸ்சி. கணிதம்.

"பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கற இல்ல, நீயும் படி. பக்கத்து ஸ்கூல்ல டிகிரி இருந்தா டீச்சரா எடுத்துக்கறேன்னு மேடம் சொன்னாங்க. கேட்டுட்டுதான் வரேன்" என்றார்.

அவர் கேட்டுவிட்டு வந்தார் என்பதுதான் தில்ஷாத்தை அழ வைத்தது.

படிப்பதற்கு அவளுக்கு வாய்த்தது சுப்ஹு தொழுகைக்கும் காலை டிபனுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். தொழுத விரிப்பிலேயே உட்கார்ந்து படிப்பாள். எழுந்தால் அடுப்படி கூப்பிடும் என்று பயம். கொஞ்ச நாளில் வேறொரு சங்கடம் வந்தது. ருக்கூவில் குனியும்போது முதல் நாள் முடிக்காமல் விட்ட தேற்றம் மனதுக்குள் தானாக முடிந்துவிடும். அல்லாஹ்வின் முன்னால் நின்றுகொண்டு கணக்குப் போடுகிறோமே என்று பதறிப்போய்க் கணவரிடம் சொன்னாள்.

"மத்தவங்களுக்கு சீரியல் ஞாபகம் வருதாம். இது தேவலாம்" என்றார் அவர். ஆனால் அடுத்த மாதமே சம்பளக் கிளார்க்கின் காலைப் பிடித்து ஏ ஷிஃப்டிலிருந்து பி ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். காலையில் பிள்ளைகளைக் கிளப்பி ஸ்கூலில் விடுவது அவர் வேலை ஆனது. அவள் தொழுகை வேறாகவும் படிப்பு வேறாகவும் இரண்டையும் பதறாமல் முடித்தாள்.

பதினேழு பேப்பர் தேறினாள். பதினெட்டாவது பேப்பர் மட்டும் அவளை விடவில்லை. மெய்ப்பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர். முதல் முறை பரீட்சைக்கு முதல் நாள் ஜீஷானுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், போகவே இல்லை. இரண்டாம் முறை ரமலான் மாதம், மத்தியான வேளைப் பரீட்சை. நோன்பை விட்டுவிட்டுப் போ, பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் விட்டிருக்க மாட்டாள். கண் இருட்டிக்கொண்டு வர, எழுதிய வரைக்கும் முப்பத்தொரு மார்க். மூன்றாம் முறை முப்பத்தெட்டு. நாற்பது எடுத்தால் பாஸ். இரண்டு மார்க்கில் போனதைப் பார்த்து ஜமீர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள்தான் அவரைச் சமாதானம் செய்து சாப்பிட வைத்தாள்.

இனி ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதிய பதினேழு பேப்பரும் செல்லாது, முதலிலிருந்து சேர வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. கடைசிப் பரீட்சை ஜூன் ஐந்தாம் தேதி, காலை பத்து மணிக்கு, கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில். இந்த முறை அவள் தயாராக இருந்தாள். வெறுமனே மனப்பாடம் இல்லை. புரிந்து, பிடிபட்டு, எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் சொல்லும்படி இருந்தாள். அந்தப் பெருநாளுக்குப் புதுச் சேலைகூட எடுக்காமல் படித்தாள்.

பெருநாள் கழிந்து இரண்டு வாரம். அந்த வாரம் ஆள் குறைவு என்று ஜமீரை ஏ ஷிஃப்டில் போட்டிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். டம்ளரைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. நாற்பத்தாறு வயது. அஸருக்குத் தொழப் போக வேண்டியவரை மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு நாலு பேர் தோளில் சுமந்து போனார்கள். தில்ஷாத்துக்கு நடந்தது எதுவும் உள்ளே போகவில்லை. யாரோ அவள் கையிலிருந்த வளையலைக் கழற்றினார்கள், வெள்ளைச் சேலையை உடுத்திவிட்டார்கள், உள் அறையில் ஒரு பாய் விரித்து உட்கார வைத்தார்கள்.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். அதுதான் இத்தா. அலங்காரம் கூடாது, அந்நிய ஆண்கள் பார்வையில் படக் கூடாது, வெளியே போகக் கூடாது. அப்படித்தான் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றால், மஹீனுக்குத் தெரியும். மஹீனிடமிருந்து மற்றவர்களுக்குத் தெரியும்.

மஹீன் ஜமீரின் அக்கா, பிள்ளைகளுக்குக் குப்பி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சிங்காரப்பேட்டையில் புருஷனை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல் தம்பியை அண்டி ஓசூருக்கு வந்து, அடுத்த தெருவில் தையல் மெஷினோடு குடியிருந்தவள். தம்பி போன அன்றைக்கே மெஷினை மூடிவிட்டு இங்கே வந்துவிட்டாள். ரேஷன், கேஸ், ஜீஷானின் ஸ்கூல், வந்து போகிறவர்களுக்கு டீ என்று அத்தனையும் அவள்தான். தில்ஷாத்தைப் படுக்க வைத்துத் தலைக்கு எண்ணெய் தடவாமல் வெறும் கையால் கோதிவிடுவாள். எண்ணெய் இத்தாவில் ஆகாது. கெட்டவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. தம்பிக்காக அவள் அழுத அழுகையை அந்தத் தெரு இன்னும் பேசுகிறது.

மே மாதக் கடைசியில் அஸ்பியாவின் போனுக்கு ஹால்டிக்கெட் வந்தது. அவள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருந்தாள். அச்செடுத்துக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அம்மா, ஹஜ்ரத்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டா? காலைல போனா மத்தியானம் வந்துடலாம்."

பள்ளிவாசல் இமாமைத்தான் அங்கே ஹஜ்ரத் என்பார்கள். தில்ஷாத் ஹால்டிக்கெட்டை மடித்தாள்.

"வேணாம்டி. என்னானு கேப்ப? உங்க அத்தா கபர்ல மண்ணு காயல, அதுக்குள்ள அவளுக்கு பரீட்ச கேக்குதுன்னு பேசுவாங்க."

"யாரு பேசுவாங்க?"

"எல்லாரும்தான்."

யாரும் பேசியிருக்கவில்லை. ஆனால் பேசுவார்கள் என்று பயப்படுவதற்கு யாரும் பேசியிருக்க வேண்டிய அவசியம் இல்லையே. அதுவும் போக அவளுக்கே உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. அவர் போய் ஐம்பது நாள்கூட ஆகவில்லை, இந்த மனம் தேதியை எண்ணுகிறதே என்று. தொழுது முடித்துக் கை ஏந்தினால் அவருக்காகக் கேட்க வேண்டிய வாயில் பரீட்சை வந்து நின்றது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மஹீனிடம் ஒரே ஒரு தடவை பேச்செடுத்தாள். "அக்கா, வர்ற அஞ்சாம் தேதி ஒரு பரீட்ச இருந்துச்சு" என்றாள். இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

மஹீன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எதுவாருந்தாலும் இத்தா முடிச்சிட்டு பாத்துக்கலாம்மா. பரீட்ச எங்க போவப் போவுது, அடுத்த வருசம் எழுதிக்கோ."

அடுத்த வருஷம் இல்லை, இதுதான் கடைசி என்று தில்ஷாத் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மஹீன் கீரையைக் கீழே வைத்திருப்பாளோ என்னவோ. பள்ளிவாசல் அந்த வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஹஜ்ரத் ஐந்து வேளையும் அங்கேதான் இருந்தார். ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

ஜூன் ஐந்து, இத்தாவின் ஐம்பத்து நான்காம் நாள். தில்ஷாத் முகம் கை கால் கழுவி ஒளூ செய்து குர்ஆனை விரித்து உட்கார்ந்தாள். பத்து மணிக்கு மணி அடித்திருப்பார்கள், பேப்பர் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று சத்தமாக ஓதினாள். பதினொன்று வரை ஓதினாள். பதினொன்றரைக்குப் பார்த்தால் விரல் ஒரே ஆயத்தின் மேல் நின்றிருந்தது. ஒரு மணி வரைக்கும் அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அஸ்பியா இரண்டு தடவை வந்து கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்றரை மணிக்குப் போனில் படம் ஒன்று வந்தது. அனுப்பியவள் சரிதா. சூளகிரிக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள், ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் ஐந்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அவளுக்கும் அந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. ஜமீர் போன விஷயம் அவளுக்குத் தெரியாது; தில்ஷாத் யாருக்கும் போன் செய்யும் நிலையில் இருக்கவில்லை. கேள்வித்தாளைப் படம் பிடித்து அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: "அக்கா ஏன் வரல? உங்க சீட்டையே பாத்துட்டு இருந்தேன். எல்லாமே நீங்க எனக்கு சொல்லிக் குடுத்ததுதான் வந்துச்சு."

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள். முதல் கேள்வி தெரிந்தது. இரண்டாவது தெரிந்தது. மூன்றாவது, அவள் தொழுகை விரிப்பில் உட்கார்ந்து ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பிடித்த தேற்றம். எட்டுக் கேள்வியில் ஏழு தெரிந்தது. ஐந்து எழுதினால் போதும் என்று மேலே போட்டிருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அழுத அழுகை, ஜமீரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாத அழுகை. வாயில் முந்தானையை அடைத்தும் நிற்கவில்லை. மஹீன் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அழுவாதம்மா. அவன் நல்ல மனுசன், அல்லா அவன நல்லா வச்சிருப்பான். சபுர் பண்ணிக்கோ, அழுவாத" என்று அவளும் தம்பியை நினைத்து அழுதாள்.

தில்ஷாத் அந்தத் தோளில் கிடந்தபடி, தான் அழுவது அவருக்காக இல்லை என்று வெட்கப்பட்டாள். அப்புறம், அவருக்காகவும்தான் என்று தோன்றியது. எட்டில் ஏழு தெரிந்தது என்று சொன்னால் இந்த உலகத்தில் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

ஜூலையில் பல்கலைக்கழகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பதிவுக்காலம் முடிவடைந்துவிட்டது, விரும்பினால் புதிதாக முதலாம் ஆண்டில் சேரலாம் என்றது. பக்கத்து ஸ்கூலில் கணக்குக்கு வேறொரு டீச்சரை எடுத்துவிட்டார்கள். அஸ்பியாவைக் கல்லூரியில் சேர்த்தாயிற்று. தில்ஷாத் அந்தச் செய்தியை யாருக்கும் காட்டவில்லை.

ஆகஸ்டில் இத்தா முடிந்தது. பிறையைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் மஹீன். அவளே வெந்நீர் வைத்துக் குளிக்க வைத்து, புதுச் சேலை கட்டிவிட்டாள். மறுநாள் காலையில் தில்ஷாத் அஸ்பியாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் ஆபீசுக்குப் போனாள். ஜமீரை அடக்கம் செய்ததற்கு ஜமாஅத்தின் கடிதம் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். நாலு மாதம் கழித்துத் தெருவில் கால் வைத்ததும் வெயிலில் கண் கூசியது. டீக்கடை பெஞ்சைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கடிதத்தில் முத்திரை வைத்துக்கொண்டிருந்த ஹஜ்ரத் அவளைப் பார்த்ததும் ஸலாம் சொன்னார். வயதில் சின்னவர், முப்பத்தைந்துகூட இருக்காது.

"பரீட்ச நல்லா எழுதுனீங்களாம்மா?" என்று கேட்டார்.

தில்ஷாத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. "எந்தப் பரீட்ச ஹஜ்ரத்?"

"ஜமீர் பாய் நோன்புல ஒரு ராத்திரி தராவீஹ் தொழுகை முடிச்சிட்டு வந்து சொன்னாரே. வீட்ல கடைசி பரீட்ச எழுதுறாங்க, துஆ செய்யுங்கன்னாரு. ஜூன்ல இருக்குன்னாரு."

"நான் இத்தாவுல இருந்தேனே ஹஜ்ரத்."

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். "பகல்ல அவசியத்துக்குப் போலாமேம்மா. போயிட்டு பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்துடணும், ராத்திரி வீட்டுலதான் தங்கணும். அதுதான் சட்டம். இந்த கிருஷ்ணகிரிக்கு போயிட்டு வர எவ்ளோ நேரம்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "நானும் ஆள் அனுப்பி விசாரிச்சிருக்கணும். இத்தா வீட்டுக்கு நாமளா எப்படி சொல்லி அனுப்புறதுன்னு தயங்கிட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு."

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அஸ்பியா ஆட்டோ கூப்பிட்டாள். ஐந்து நிமிஷ நடைக்கு ஆட்டோ வேண்டியிருந்தது. அம்மா வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்ததை அவள் பார்த்துவிட்டாள். ஆட்டோவில் தில்ஷாத்துக்குள் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிப் பிடிக்க ஒரு ஆள் அந்தக் கோபத்துக்கு வேண்டும். வீட்டில் ஒரு ஆள் இருந்தாள். தனக்குத் தெரிந்ததையே மார்க்கம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் எழுதிக்கோ என்று கீரை ஆய்ந்துகொண்டே சொன்னவள். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

மஹீன் சோறாக்கி வைத்துக் காத்திருந்தாள். "வந்துட்டியாம்மா. உக்காரு. ஹஜ்ரத் என்னா சொன்னாரு?"

"இத்தாவுல இருக்கறவங்க பகல்ல வெளிய போறத பத்தி சொன்னாருக்கா."

அவள் சொல்ல நினைத்தது நிறைய இருந்தது. அடுத்த வார்த்தை வருவதற்குள் மஹீன் கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"பகல்லயா? போலாமாமா?" என்றாள். பிறகு, "எவ்ளோ தூரம் போலாமாம்? பஸ்ஸுல அர மணி நேரம்னா?"

"எங்கக்கா?"

"சிங்காரப்பேட்டையிலருந்து ஊத்தங்கரைக்கு."

மஹீன் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தில்ஷாத்துக்கு நாத்தனார் சிங்காரப்பேட்டையில் இத்தா இருந்தது தெரியும். மாமனார் அதே வருஷம் ஊத்தங்கரையில் இறந்ததும் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், இது இரண்டையும் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"எங்க அத்தா ஒம்போது நாள் ஆஸ்பத்திரில கெடந்தாரு" என்றாள் மஹீன். "மஹீன் எங்க, மஹீன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். ஜமீருதான் வந்து வாசல்ல நின்னான். வாக்கா, மூஞ்சிய காட்டிட்டு வந்துடலாம்னான். இத்தாவுல இருக்கேன்டா, வரக்கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். ரெண்டு தரம் வந்தான். ரெண்டு தரமும் அனுப்பிட்டேன். பத்தாவது நாளு சேதிதான் வந்துச்சு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயசுக்காரியின் முகம் அந்த நேரத்தில் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. "சொல்லு தில்ஷாத். ஹஜ்ரத் என்னா சொன்னாரு? நான் போயிருக்கலாமா?"

ஆட்டோவில் ஏறிய கோபம் இன்னும் தில்ஷாத்துக்குள் அப்படியே இருந்தது. பதினேழு பேப்பர் இருந்தது, எட்டில் ஏழு இருந்தது. உண்மையைச் சொன்னால் போதும், வேறு எந்தத் தண்டனையும் மஹீனுக்குத் தேவைப்படாது.

"இல்லக்கா. போவக்கூடாதாம்" என்றாள். "பகல்ல போனாலும் தப்புதான்னாரு. நான் பரீட்சைக்குப் போவாம இருந்ததுதான் சரின்னு சொன்னாரு."

மார்க்கத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அஸ்பியா நிமிர்ந்தாள். "அம்மா" என்று ஆரம்பித்தவள், தில்ஷாத் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

மஹீன் நீளமாக மூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். "எனக்கு உயிரே போயிடுச்சு ஒரு நிமிசம். அப்போ நாம ரெண்டு பேரும் சரியாத்தான் இருந்திருக்கோம், இல்லயா?"

"ஆமாக்கா."

"பாத்தியா, நம்ம வீட்டுப் பொம்பளைங்க எப்படி பேணி இருந்திருக்கோம்னு." மஹீன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தட்டை எடுத்துச் சோறு போட ஆரம்பித்தவள், தம்பி மகள் பக்கம் திரும்பினாள். "நீயும் நல்லா கேட்டு வச்சுக்கோடி அஸ்பியா. நீ படிச்ச பொண்ணு. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, இப்படித்தான் இருக்கணும்னு நீதான் எடுத்து சொல்லணும்."

அஸ்பியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி குப்பி" என்றாள் அஸ்பியா.